ஷாக் அடித்துச் செய்தி சொன்ன டாக்டர்

எங்க ஆவுடையார்கோவில் பக்கம் அப்பத்தா காலத்தில், தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே வீட்டுப் பெண்கள் அழ ஆரம்பிச்சிடுவாங்களாம். பிரிச்சுப் படிக்கிறதெல்லாம் அப்புறம்தான்! 2013 ஜூலையில் அந்தத் தந்திச் சேவைக்கே மூடுவிழா நடந்துவிட்டது. ஆனால் நண்பர்களே, லேபில் ஒரே ஒயரில் ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்புகிறோமே சீரியல் கம்யூனிகேஷன், அதற்குப் பாட்டன் தந்திதான். அதை இந்தியா முழுக்கக் கொண்டுபோனவர் இன்ஜினியர் அல்ல, ஒரு டாக்டர்.

வில்லியம் புரூக் ஓ'ஷானசி 1809-ல் அயர்லாந்தின் லிமெரிக் ஊரில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, தண்ணீரும் உப்பும் வெளியேறிப் போவதைக் கண்டு சொன்னபோது அவருக்கு வயசு இருபத்திரண்டுதான். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலுக்கு அடிப்படை அது. 1833-ல் கம்பெனி வேலைக்குக் கல்கத்தா வந்து, மருத்துவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஆனார்.

1839-ல் அங்குள்ள தாவரவியல் தோட்டத்தில் மூங்கில் நட்டு, மைல் கணக்கில் கம்பி இழுத்தார். ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரையே சர்க்யூட்டின் ஒரு பகுதியாக்கினார். (கிரவுண்ட் ஒயரைக் கொடுக்க மறந்துட்டு புரோகிராமைத் திட்டுகிறவர்கள் கவனிக்க!) இரண்டு முனையிலும் ஒரே வேகத்தில் ஓடும் கடிகாரம், முகப்பில் எழுத்துகள். அனுப்புகிறவர் முள் வேண்டிய எழுத்துக்கு வரும்போது மின்சாரம் விடுவார். மறுமுனையில் இருப்பவர் விரலில் சுரீர்னு ஷாக்! அந்த நொடியில் தன் முள் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதை எழுதிக்கொள்வார். ஒரு கடிகாரம் பிந்தினால் செய்தி கெட்டது.

எங்க மினி புராஜெக்டில் நடந்ததும் இதேதான். 9600 பாட் ரேட் கணக்கை 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குப் போட்டுவிட்டு, 8051 போர்டில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மாட்டிவிட்டோம். எட்டு சதவீதத்துக்கு மேல் வேகப் பிழை. திரையில் ஒரே குப்பை எழுத்து. மூணு நாள் கோடில் தப்பு தேடினோம். கடிகாரத்தைப் பார்க்க யாருக்கும் தோணலை.

ஓ'ஷானசியின் சோதனையை அன்று அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். டல்ஹௌசி வந்த பிறகுதான் 1851-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் லைன் ஓடியது. மெல்லிய கம்பி குரங்குக்கும் புயலுக்கும் தாங்காது என்று எட்டில் மூணு அங்குல இரும்புக் கம்பியையே போட்டார். கூட நின்று உழைத்தவர் சிவசந்திர நந்தி என்ற வங்காளி. பின்னாளில் பத்மா நதியின் குறுக்கே மீன்பிடிப் படகுகளை வைத்தே கேபிள் போட்டவர். நம் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

வேலையாட்கள் புரிந்து செய்யட்டும் என்று ஓ'ஷானசி 1853-ல் ஒரு கையேடும் எழுதினார். 1854 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி வந்தது. 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்தபோது பம்பாயும் நம்ம மதராஸும் அந்த வலையில் இருந்தன.

அவர் பயன்படுத்தியது அவரே வடிவமைத்த ஒற்றை ஊசிக் கருவி. மலிவு, இங்கேயே செய்யலாம், நன்றாகவே ஓடியது. ஆனால் அதன் சைகை அந்தக் கருவியோடு ஒட்டியது. வெளியுலகமோ மோர்ஸ் முறைக்குப் போய்க்கொண்டிருந்தது. தான் பெற்ற பிள்ளை மாதிரி அதைக் கட்டிக்கொண்டு அழாமல், ஐரோப்பா போய்ப் பார்த்துவிட்டு 1857-ல் மோர்ஸ் கருவியை அவரே இங்கே புகுத்தினார். ஓடிக்கொண்டிருக்கும் சொந்தச் சரக்கை நிறுத்துவது லேசான காரியமா? எங்களுக்கு கிரிஸ்டல் மதிப்பையும் பாட் ரேட்டையும் ஒரே ஹெடர் ஃபைலில் ஒதுக்கி, ரெஜிஸ்டரைத் தொடும் நாலு ஃபங்ஷனைத் தனியே பிரிக்கவே மனசு வரலை. பிரித்த பிறகு, அந்த நாலை மட்டும் மாற்றி ஏ.வி.ஆர். சிப்பிலும் அதே புரோகிராமை ஓட்டினோம்.

1856-ல் சர் பட்டம் பெற்ற ஓ'ஷானசி, சில வருஷத்தில் இந்தியாவை விட்டுப் போனார். 1889-ல் இங்கிலாந்தில் இறந்தார். அன்றைக்கும் இந்தியத் தந்திக் கம்பிகளில் மோர்ஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது.