திவாலான வியாபாரி கோடீசுவரர் ஆனார்!
உறைந்த மீன் கற்றுத் தந்த தொழில்

பெரிய கடைகளில் ஐஸ் பெட்டிக்குள் பச்சைப் பட்டாணியும் மீனும் பாக்கெட் பாக்கெட்டாக அடுக்கி இருக்கின்றன. இதற்கு வழி காட்டியவர், ஒரு சமயம் திவாலாகிப் போன அமெரிக்க வியாபாரி. பெயர் கிளாரன்ஸ் பேர்ட்சை.

1886-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி நியூயார்க் நகரில் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். கல்லூரியில் சேர்ந்தார். கையில் பணம் இல்லை. படிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டார்.

பனிக்காட்டில் குடித்தனம்

1912-ல் லாப்ரடாருக்குப் போனார். இப்போது கனடாவில் இருக்கும் பனிப் பிரதேசம் அது. நரித்தோல் வியாபாரம் செய்தார். பிறகு மனைவியையும் கைக்குழந்தையையும் அங்கேயே அழைத்துப் போனார். பச்சைக் காய்கறி கிடைப்பதே அபூர்வம்.

அங்குள்ள இனுயிட் மக்கள் ஐசில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிர்! வெளியே இழுத்ததுமே மீன் கல் மாதிரி உறைந்து விடும். பல வாரம் கழித்துச் சமைத்தாலும் அன்றைக்குப் பிடித்த மீன் போலவே ருசித்தது.

ரகசியம் என்ன?

மெதுவாக உறைந்தால், மீனுக்குள் இருக்கும் தண்ணீர் பெரிய ஐஸ் துகள்களாக மாறிச் சதையைக் கிழித்து விடும். ஐஸ் கரையும்போது சாறு ஓடிவிடும். மிஞ்சுவது சக்கைதான். சட்டென்று உறைந்தால் துகள்கள் பொடியாக இருக்கும். சதைக்குச் சேதம் குறைவு.

கையைச் சுட்ட கம்பெனி

ஊர் திரும்பியவர் நியூயார்க்கில் மீன் கம்பெனி தொடங்கினார். சரக்கு போகவில்லை. 1924-ல் கம்பெனி திவால்!

மனுஷர் அசரவில்லை. கூட்டாளிகளைச் சேர்த்துக் கொண்டு, குளோஸ்டர் துறைமுகத்தில் மறுபடியும் கடை விரித்தார். மீன் துண்டுகளை அட்டைப் பெட்டியில் அடைத்து, கடுங்குளிர் ஏற்றிய உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும் எந்திரத்தை உருவாக்கினார்.

1929-ல் அந்தத் தொழில் விலை போனது. தொகை 2 கோடியே 20 லட்சம் டாலர்! அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் சரிந்தது. அதற்குள் அவர் கைக்குப் பணம் வந்துவிட்டது. அவர் பெயரையே இரண்டாகப் பிரித்து, 'பேர்ட்ஸ் ஐ' என்று சரக்குக்கு வைத்தார்கள்.

1930 மார்ச் 6-ந் தேதி ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் விற்பனை தொடங்கியது. ஆனால் ஐஸ் பெட்டி வாங்கிப் போட மற்ற ஊர்க் கடைக்காரர்கள் தயங்கினார்கள். பிற்பாடு கம்பெனியே பெட்டிகளை வாடகைக்குக் கொடுத்தது. அதன் பிறகே வியாபாரம் சூடு பிடித்தது.

கிருமி சாகாது

உறைய வைத்தால் கிருமிகள் தூங்கும். பெரும்பாலும் சாகாது. ஆகவே மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். எடுத்த மீனை வெளியே போட்டு வைக்காமல், பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தே இளக விட வேண்டும்.

பேர்ட்சை 1956 அக்டோபர் 7-ந் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 69. அவருடைய சாம்பல், மறுவாழ்வு கொடுத்த குளோஸ்டர் கடலிலேயே தூவப்பட்டது.