தமக்கைக்கு எழுதிய மடல்: ஃபனி பேர்ணி அம்மையாரின் வாழ்க்கை

ஆங்கில நாவலின் வளர்ச்சியைப் பயிலும் மாணவர், ரிச்சட்சனையும் ஃபீல்டிங்கையும் கடந்து ஜேன் ஒஸ்டினை அடையுமுன் ஃபனி பேர்ணி என்ற பெயரைச் சந்திக்கின்றனர். ஆயினும் அவர்கள் அங்கே நெடுநேரம் தங்குவதில்லை. ஒஸ்டினுக்கு வழி சமைத்தவர் என்ற ஒரு வரியோடு அவ்வம்மையாருக்கு விடைகொடுத்துவிடுவது பாடநூல்களின் வழக்கம். அவர் இயற்றிய நாவல்கள் நான்கு. அவற்றின் சிறப்பைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. எனினும், அவர் எழுதியவற்றுள் என்றும் நின்று நிலைக்கத்தக்கது யாதென என்னைக் கேட்பின், அந்நாவல்களுள் ஒன்றையும் நான் சுட்டேன். தமது 59 ஆவது வயதில் தாம் பட்ட பெருந்துன்பத்தைத் தம் தமக்கைக்கு விவரித்து எழுதிய மடல் ஒன்றையே சுட்டுவேன்.

அம்மடல் அச்சேறுவதற்கென எழுதப்பட்டதன்று. மார்பகத்தில் தோன்றிய நோய்க்காக, மயக்க மருந்து எதுவுமின்றிச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட ஒரு பெண், தன் குடும்பத்துப் பெண்கள் தன்னைப்போற் காலந்தாழ்த்திவிடலாகாது என்னும் கவலையால் எழுதியது அது. அதன் அருமையை உணர்வதற்கு அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிலுள்ள கிங்ஸ் லின் என்னும் ஊரில், 1752 யூன் 13 இல் ஃபனி பிறந்தார். தந்தை சாள்ஸ் பேர்ணி இசை வல்லுநர். இசை வரலாறு எழுதிப் புகழ்பெற்றவர். எட்டு வயதாகியும் எழுத்துக்களை அறியாதிருந்த இச்சிறுமியை மந்தபுத்தியுடையவள் என்றே பலர் எண்ணினர். பத்து வயதில் தாயை இழந்தார். அதன்பின் அவருக்குத் தாயும் தோழியுமாய் அமைந்தவர்கள் அவருடைய சகோதரிகளே. மூத்தவர் எஸ்தர், இளையவர் சூசன். சிற்றன்னைக்கு இவர் கதை எழுதுவது பிடிக்கவில்லை. ஆகவே 15 ஆவது வயதில் தாம் எழுதியவை அனைத்தையும் தாமே தீயிலிட்டார். எரியும் தாள்களைக் கண்டு அருகே நின்று கண்ணீர் விட்டவர் தங்கை சூசன் ஒருவரே.

தீயிலிட்டும் எழுத்து அவரை விட்டு நீங்கவில்லை. 1778 இல் 'எவலினா' ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதனை எழுதியவர் யாரென்று இலண்டன் நகரமே வியந்து வினாவிற்று. உண்மை வெளியானபோது சாமுவேல் ஜோன்சன் முதலிய பேரறிஞர்கள் அவரைப் பாராட்டி நட்புக் கொண்டனர். 1782 இல் 'சிசீலியா', 1796 இல் 'கமிலா', 1814 இல் 'அலைந்து திரிபவள்' என்று பொருள்படும் இறுதி நாவல் ஆகியன தொடர்ந்தன. 'கமிலா' வெளிவருமுன்னரே பணஞ் செலுத்திப் பெயர் பதிந்தவர்களுள் இளமங்கையான ஜேன் ஒஸ்டினும் ஒருவர். இடையே 1786 முதல் 1791 வரை சாளட் மகாராணியின் அரண்மனையில் ஆடையலங்காரப் பணியாளராக அமர்ந்து, உடல் நலிந்து மீண்டார். 1793 இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது புகலிடந் தேடி வந்த படையதிகாரி அலெக்சாந்தர் தார்ப்லேயை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான்.

இவ்வாண்டுகளிலெல்லாம் சகோதரிகளிடையே கடிதப் போக்குவரத்து இடைவிடாது நடந்துவந்தது. அரண்மனையின் சலிப்பு, நாடகமேடையின் களிப்பு, பிள்ளைகளின் காய்ச்சல், பணத்தட்டுப்பாடு ஆகிய அனைத்தும் அம்மடல்களிற் பேசப்பட்டன. ஒருவர்க்கு வந்த மடல் மற்றவர் கைக்கும் சென்றது. எனவே, 1800 ஆம் ஆண்டு சனவரியில் சூசன் இறந்தபோது, ஃபனி தம் உயிரிற் பாதியை இழந்தவர் போலானார். இதனை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் நிகழ்ந்தவற்றிற்கு இது பெரிதும் தொடர்புடையது.

1802 இல் கணவரைத் தொடர்ந்து பிரான்சுக்குச் சென்றவர், மீண்டும் மூண்ட போரினால் பத்தாண்டுகள் அங்கேயே சிறைப்பட்டவர் போலத் தங்க நேர்ந்தது. இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்வதும் அரிதாயிற்று. அந்நிலையில், 1810 ஓகஸ்ட் மாதமளவில், அவர் தம் மார்பில் ஒருவகை வலியை உணர்ந்தார். அதனைப் பொருட்படுத்தவில்லை. வலி வளர்ந்தது. கணவர் வைத்தியரிடம் காட்டுமாறு வற்புறுத்தினார். மெசோன்னவ் சீமாட்டி என்னும் நெருங்கிய தோழியும் அவ்வாறே கெஞ்சினார். அவர்களுடைய அச்சம் வீணானதென்று அவர் தட்டிக்கழித்தார். நாணமும் அவரைத் தடுத்தது. ஈற்றில் இணங்கியபோது வைத்தியர் டுபுவா பரிசோதித்து, சத்திரசிகிச்சையன்றி வேறு வழியில்லை என்றார்.

இத்தகைய நோயை மறைத்தல் அக்காலத்துப் பெண்களின் இயல்பாயிருந்தது. பெண்கல்விக்காக எழுதிய மேரி அஸ்டல் என்ற அறிஞர், ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன், இதே நோயை உற்ற நண்பர்களிடமிருந்தும் மறைத்து வைத்து, காலங்கடந்தபின் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டு, 1731 இல் மாண்டார். உடலின் அப்பகுதியைப் பற்றிப் பேசுவதே தகாதென்று கருதப்பட்டது. பேசாமையின் விலை உயிராயிருந்தது.

ஃபனியைப் பொறுப்பேற்றவர் நெப்போலியனின் படையில் தலைமைச் சத்திரவைத்தியராய் விளங்கிய டொமினிக் லாரே. போர்க்களத்திற் காயமுற்றோரை விரைந்து எடுத்துச் செல்லும் வண்டிமுறையை வகுத்தவர் அவரே. எண்ணற்ற வீரரின் கைகால்களைத் துணித்த அவர், இப்பெண்ணின் நிலை கண்டு மனங் கலங்கினார். சிலகாலம் மருந்துகளால் முயன்றும் பயன் கிட்டவில்லை. நாள் எதுவென்று முன்கூட்டிக் கூறாமல், சில மணித்தியாலத்திற்கு முன்னர் மட்டுமே அறிவிப்பதென முடிவாயிற்று. நெடுநேரம் அஞ்சி வருந்தாதிருக்கவே இவ்வேற்பாடு.

1811 செப்ரெம்பர் 30 அன்று அவ்வறிவிப்பு வந்தது. அதனைக் கணவர் அறியாமல் மறைத்து, அவர் அலுவல் காரணமாக வெளியே தங்குமாறு ஒழுங்கு செய்தார். மகனும் வீட்டில் இல்லை. கட்டுத்துணிகளும் கடற்பஞ்சும் குவிந்து கிடந்த அறையைப் பார்த்துவிட்டு வந்து, ஒருவேளை தாம் மீளாவிடின் கொடுக்கப்படுவதற்காகக் கணவருக்கும் மகனுக்கும் சில வரிகள் எழுதி வைத்தார். துணைக்கு வருவதாகக் கூறிய மெசோன்னவ் சீமாட்டியையும் மற்றொரு தோழியையும், அவர்களுக்குத் துன்பந் தரலாகாதென்று, முன்னரே வேண்டாமென்றிருந்தார்.

பிற்பகலில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நின்றன. கறுப்பாடை அணிந்த எழுவர் அறையினுள் நுழைந்தனர். பெண்கள் அனைவரும் வெளியேறுக என டுபுவா கட்டளையிட்டார். அதுவரை அடங்கியிருந்த ஃபனி இதற்கு மட்டும் இணங்கவில்லை. பெண்கள் இருக்கவேண்டுமென்று வாதாடினார். அதற்குள் பணிப்பெண்ணும் தாதியருள் ஒருத்தியும் அஞ்சி ஓடிவிட்டனர். எஞ்சிய ஒரு தாதியை அருகே அழைத்தார். அவள் வந்து நின்றாள். பெயர் அறியப்படாத அப்பெண்ணை நான் நன்றியோடு நினைக்கின்றேன்.

அக்கணத்தில் அவர் மனத்தில் எழுந்தது சகோதரிகளின் நினைவு. இறந்துபோன சூசன் வந்து நின்றாள் போலாயிற்று. எஸ்தருக்காகவும், மற்றொரு தங்கையான சாளட்டுக்காகவும் உள்ளம் ஏங்கிற்று. தோழியரை வரவேண்டாமென்று கூறியதை எண்ணி வருந்தினார். ஆடையைச் சரிசெய்யவும், உடலை மறைக்கவும், அருகிருந்து காக்கவும் ஒரு பெண்கை இல்லையே என்ற துயரம், கத்தியைப் பற்றிய அச்சத்தோடு சேர்ந்து அவரை வாட்டிற்று.

முகத்தின்மீது மெல்லிய கைக்குட்டை ஒன்றை இட்டனர். அதனூடே எல்லாம் தெரிந்தது. டுபுவா காற்றிலே விரலால் ஒரு கோடும், குறுக்குக் கோடும், சுற்றி ஒரு வட்டமும் வரைந்து காட்டினார். மார்பகம் முழுவதும் அகற்றப்படவேண்டும் என்பதே அதன் பொருள். அதனைத் தாங்கிப் பிடிப்பவர் யாரென்று லாரே வினவினார். எவரும் வாய் திறக்கவில்லை. தாமே பிடிப்பதாக ஃபனி கூறி எழுந்தார். அவரை மீண்டும் கிடத்திவிட்டனர். ஈதரின் மயக்கமூட்டும் ஆற்றல் பொஸ்டன் நகரில் 1846 இல்தான் பலரறியக் காட்டப்பட்டது. ஆதலின் அன்று அவருக்குக் கிடைத்தது சிறிதளவு மதுச்சாறு மட்டுமே. ஏறத்தாழ 20 நிமிட நேரம் அக்கொடுமை நீடித்தது. இருமுறை மூர்ச்சையுற்றார். முடிவில் கண்விழித்தபோது லாரேயின் முகம் இரத்தந் தெறித்து வெளிறிக் கிடந்ததைக் கண்டார்.

அவர் பிழைத்தார். இங்கிலாந்திலுள்ளோர்க்கு இதனை அறிவிக்கவேண்டாம் என்பதே முதலில் அவருடைய எண்ணம். ஆனால் வதந்தி கடல் கடந்துவிட்டது. பிறர் வாயிலாகத் திரிந்த செய்தி செல்வதிலும், தம் கையாலேயே உண்மையை எழுதுவது நன்றெனத் துணிந்தார். 1812 மார்ச்சில் தொடங்கிய மடல் முடிவதற்கு யூன் மாதமாயிற்று. எழுதும்போதெல்லாம் தலைவலி கண்டது. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவரால் இயலவில்லை. கணவரும் சில வரிகள் சேர்த்தார். முதிய தந்தை அறிந்து வருந்தலாகாது என்பதில் மட்டும் அவர் கவனமாயிருந்தார்.

அம்மடலின் உயிர்நிலை எங்குளது? வலியை விவரிக்கும் பகுதியே பலராலும் எடுத்துக் காட்டப்படுகின்றது. என் கருத்து வேறு. தொடக்கத்தில் வலியைப் புறக்கணித்ததையும், தோழியின் சொல்லைத் தட்டியதையும் மறைக்காமற் கூறி, எஸ்தரும் ஏனைய சகோதரிகளும் அவர்தம் மகளிரும் அத்தகைய அறிகுறி கண்டாற் காலந்தாழ்த்த வேண்டாமென எச்சரிக்கும் இடமே அதன் உயிர்நிலை. தம் அசட்டையை ஒளித்து, வீரத்தை மட்டும் கூறியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தமக்கு அன்று கிடைக்காத துணையைப் பிறர்க்குத் தாமே ஆக்கிக் கொடுத்தார்.

அதன்பின் 28 ஆண்டுகளுக்கு மேலாக அவர் வாழ்ந்தார். இத்துணை நீண்ட வாழ்வு கிட்டியமையால், அது புற்றுநோய்தானா என இன்றைய ஆய்வாளர் சிலர் ஐயுறுவதுமுண்டு. 1818 இல் கணவரையும், 1832 இல் எஸ்தரையும், 1837 இல் ஒரே மகனையும் இழந்தார். 1840 சனவரி 6 இல், தமது 87 ஆவது வயதில் இலண்டனில் உயிர்நீத்தார். சரியாக நாற்பதாண்டுகளுக்கு முன் சூசன் இறந்ததும் சனவரி 6 இலேயே.

அம்மடல் இன்று நியூயோர்க் பொது நூலகத்தின் பேர்க் தொகுப்பிற் பாதுகாக்கப்படுகின்றது. அதே நியூயோர்க் நகரிலே, 1952 இல், திரேஸ் லாசர் என்ற மாது மார்பகச் சத்திரசிகிச்சை பெற்றுக் கண்விழித்தார். அப்போது மயக்க மருந்து இருந்தது. நோயாளி வலியை அறியவில்லை. ஆனால் தனிமை நீங்கியிருக்கவில்லை. கையை மீண்டும் உயர்த்துவது எவ்வாறு, எத்தகைய உள்ளாடை அணிவது, குடும்பத்தாரிடம் என்ன சொல்வது என்றெல்லாம் எழுந்த வினாக்களுக்கு வைத்தியர்களிடமிருந்து விடை கிடைக்கவில்லை. ஆகவே அவர் தாமே பயிற்சிகளை வகுத்து, அதே சிகிச்சை பெற்ற ஏனைய பெண்களின் படுக்கையருகே சென்று அமர்ந்தார். பயிற்சிக்கான பந்தையும் கயிற்றையும், தற்காலிகச் செயற்கை மார்பகத்தையும் உடன் கொண்டுசென்றார். சத்திரவைத்தியர் சிலர் இதனை விரும்பவில்லை, அவர் சோரவுமில்லை. குணமடைந்தவர் புதிதாய் நோயுற்றவரைச் சென்று காணும் அம்முறையை 1969 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன் பணியாக ஏற்றது. 1974 இல் அது ஐரோப்பாவுக்கும் பரவிற்று. லாசர் அம்மையார் 1979 இல் மறைந்தார்.

பேர்ணியின் மடலை லாசர் படித்தார் என்று நான் கூற வரவில்லை. இருவரும் ஒரே உண்மையை வெவ்வேறு காலத்திற் கண்டனர் என்பதே என் துணிபு. வைத்தியரின் திறமை உயிரைக் காக்கலாம்; ஆயினும் அப்பாதையில் நடந்து மீண்ட மற்றொரு பெண் அருகிலிருந்து, நானும் இதனைக் கடந்தேன் என்று தன் இருப்பினாலேயே உணர்த்தும்போது பிறக்கும் துணிவை வைத்தியரால் அளிக்க இயலாது. கதிர்ச் சிகிச்சையும் மருந்தேற்றலும் மாதக்கணக்கில் நீளும் இந்நாளில், அத்துணையின் தேவை பெருகியிருக்கின்றதேயன்றிக் குறையவில்லை.

ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. 'எவலினா'வை அறிமுகஞ் செய்யும்போது இம்மடலையும் உயர்வகுப்பு மாணவிகளுக்கு எடுத்துக் கூறுங்கள். நாணத்தாலும் அச்சத்தாலும் வீட்டிற் சொல்லாமல் வலியை மறைத்து வைத்திருக்கும் ஒரு தாயோ தமக்கையோ அம்மாணவிகளின் இல்லத்திலும் இருக்கக்கூடும். 200 ஆண்டுகளுக்கு முன் ஒருத்தி தன் தமக்கைக்கு எழுதிய எச்சரிக்கை, அவ்வகையில் அவர்களையும் சென்றடையும்.