நர்ஸ் என்னும் பெயருக்கு ஒரு காவல்



பிளஸ் டூ முடிவு வந்ததும் மில்லர்புரத்திலும் நமது கடற்கரை ஊர்களிலும் பல வீடுகளில் ஒரே பேச்சு: மகளை நர்சிங் சேர்க்கலாமா? எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்று விசாரிக்கிறோம். படித்து முடித்தபின் அவள் பெயர் அரசின் பதிவேட்டில் ஏறுமா என்று கேட்க மறந்துவிடுகிறோம். அந்தப் பதிவேட்டுக்கு நாடு முழுவதும் மதிப்புக் கிடைக்கக் காரணமானவர்களுள் ஒருவரை இன்று நினைவுகூர்வோம்.

ராஜகுமாரி அம்ரித் கௌர் 1887 பிப்ரவரி 2 அன்று லக்னோவில், கபூர்தலா அரச குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஹர்னாம் சிங் கிறிஸ்தவத்தைத் தழுவியவர். இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய மகள், காந்தியடிகளைப் பின்பற்றி எளிய வாழ்வை மேற்கொண்டார். பல ஆண்டுகள் அவருக்குச் செயலாளராக உழைத்தார், சிறைக்கும் சென்றார். 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரானார்.

அந்நாளில் ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு நர்ஸ்தான் இருந்தார் என்று 1946-ல் போர் குழு கணக்கிட்டது. இருந்தவர்களின் பயிற்சியும் ஒரே தரத்தில் இல்லை. நமது சென்னை மாகாணத்தில் 1926-லேயே பதிவுச் சட்டம் வந்திருந்தது. ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் அளவுகோல் வேறாக இருந்தது. இங்கிலாந்திலும் இது எளிதில் வந்துவிடவில்லை. நற்குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்று எண்ணிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே பதிவு முறையை எதிர்த்தார். அங்கே சட்டம் வந்தது 1919-ல்தான்.

அம்ரித் கௌர் அமைச்சராக இருந்தபோது, 1947 டிசம்பர் 31 அன்று இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் பிறந்தது. நாடு முழுவதும் பயிற்சிக்கு ஒரே தரம் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட படிப்பு முடித்தவரே மாநிலப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்பதே அதன் சாரம். பத்து ஆண்டுகள் அவர் அமைச்சராக இருந்தார். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை உருவாக முன்னின்றார். சிம்லாவிலிருந்த தம் குடும்ப வீட்டையே அதன் ஊழியரும் நர்சுகளும் ஓய்வெடுக்கக் கொடுத்துவிட்டார். 1964 பிப்ரவரி 6 அன்று காலமானார். டெல்லியில் 1946-ல் தொடங்கிய நர்சிங் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது.

வெள்ளை உடை அணிந்த எவரையும் நாம் நர்ஸ் என்று அழைத்துவிடுகிறோம். ஆனால் ஊசி போடும் கைக்குப் பயிற்சி உண்டா என்பது நோயாளியின் உயிர்ப் பிரச்சினை. அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்து, கடன் வாங்கிக் கட்டிய பணமும் வருடங்களும் வீணாகி, பதிவு கிடைக்காமல் கலங்கும் பெண் பிள்ளைகளும் உண்டு.

ஆகவே பணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்கு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று கேட்போம். நம் பங்கில் விவரம் அறியாத பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வோம். பிறர் துயர் துடைக்கும் பணி புனிதமானது. அதற்குத் தயாராகும் நம் பிள்ளைகள் ஏமாறாமல் காப்பதும் நமது கடமையே.

சிந்திப்போம், செயல்படுவோம்.