ஏணஸ்ட் இரதபோட் (1871 – 1937)

மாணவர்களே, பாதி பாதியாகக் குறையும் அளவு பற்றிய வினா வரும்போது இவரை நினைவிற் கொள்ளுங்கள்.

நியூசிலாந்தில் நெல்சன் நகருக்கு அண்மையில், பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காமவராகப் பிறந்தார். புலமைப்பரிசில்களின் துணையுடன் கற்றார். 1895 இல் அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்ற புலமைப்பரிசில் முதலில் வேறொருவருக்கே கிடைத்தது. அவர் ஏற்காமையால் இவருக்கு வழங்கப்பட்டது.

பின்னர் கனடாவின் மொன்றியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தோரியத்திலிருந்து வெளிவரும் வாயுவின் கதிர்த்தொழிற்பாடு ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்கொரு முறை பாதியாவதை 1900 இல் அறிவித்தார். இக்காலமே அரைவாழ்வுக் காலம்.

கவனிக்க: ஆரம்ப அளவு 80 எனின் 1, 2, 3 நிமிடங்களின் பின் முறையே 40, 20, 10 எஞ்சும். ஒவ்வொரு முறையும் 40 ஐக் கழித்தால் இரண்டாம் நிமிடத்திலேயே பூச்சியம் வரும், அது பிழை. கழித்தலன்று, 1/2 ஆல் பெருக்குதலே சரி. நிமிடங்களின் எண்ணிக்கை 1/2 இன் சுட்டியாகும். ஆகவே 3 நிமிடத்தின் பின் எஞ்சுவது 80 × (1/2)³ = 10.

கதிர்த்தொழிற்பாட்டைக் கொண்டு பாறைகளின் வயதைக் கணிக்கலாம் என்பதையும் இவர் காட்டினார். 1908 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1937 ஒக்டோபர் 19 இல் காலமானார்.

வரைபு வரையும்போது வளையி கிடையச்சை நெருங்கும், தொடாது என்பதை மறவாதீர்கள்.