நரம்பின் தூது கண்ட ஓட்டோ லோவி

நரம்பணு ஒன்று முடியுமிடத்தில் மற்றோர் அணு தொடங்குகின்றது. ஆயினும் இரண்டும் ஒட்டியிருப்பதில்லை. இடையே ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கேயான சந்து உண்டு. நரம்பினூடே விரைந்து வரும் மின்னலை அச்சந்தை எங்ஙனம் கடக்கின்றது? பொறிபோலத் தாவுகின்றதென்றனர் ஒரு சாரார். நரம்பின் நுனி ஏதோவொரு ரசத்தைச் சுரந்து அதன் வாயிலாகத் தூதனுப்புகின்றதென்றனர் மற்றொரு சாரார். இவ்வழக்கில் மறுக்கவொண்ணாச் சான்றைக் கொணர்ந்தவர் ஓட்டோ லோவி என்னும் பெரியார்.

இவர் 1873ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரில் யூத வணிகர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். கலைகளின் வரலாற்றிலேயே நாட்டமுடையவராயினும், வீட்டார் விருப்பத்திற்கிணங்கி ஸ்ட்ராஸ்பர்க்கில் மருத்துவம் பயின்றார். மருத்துவ விரிவுரைகளை விடுத்துத் தத்துவ விரிவுரைகளிற் போய் அமர்ந்தமையால் முதற் பரீட்சையில் தட்டுத்தடுமாறியே தேறினார் என்னுஞ் செய்தி நம் மாணவருட் சிலருக்கு ஆறுதல் தரலாம். 1909இல் ஆஸ்திரியாவிலுள்ள கிராட்ஸ் சர்வகலாசாலையில் மருந்தியற் பேராசிரியரானார்.

இருதயத்திற்குச் செல்லும் நரம்புகளுள் வேகஸ் என்பது ஒன்று. பெயரில் வேகமிருப்பினும் துடிப்பைத் தணிப்பதே அதன் தொழில். ஓரிரவு, இந்நரம்பின் மருமத்தை ஆராயும் வழி அவருக்கு உறக்கத்திடையே தோன்றிற்று. விழித்தெழுந்து துண்டுக் கடிதத்தில் குறித்துக்கொண்டு மீண்டும் உறங்கினார். விடிந்து பார்க்கையில் எழுதியதைப் படிக்கக் கூடவில்லை. மறுநாளிரவு மூன்று மணிக்கு அவ்வெண்ணமே மீண்டும் வந்தது. இம்முறை அவர் எழுதுகோலை நம்பவில்லை. உடனே ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார்.

இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து உப்புநீர் நிரப்பினார். ஒன்றில் வேகஸ் நரம்பு இருந்தது, மற்றதில் இல்லை. முன்னதன் நரம்பை மின்னாற் கிளர்த்தவே அதன் துடிப்புத் தணிந்தது. அதனுள்ளிருந்த நீரை எடுத்து இரண்டாம் இருதயத்துள் விட்டார். நரம்பே இல்லாத அவ்விருதயமும் தணிந்தது! தூது நீரில் வந்ததேயன்றி மின்னில் வரவில்லை. பகற்பொழுதில் நிதானமாக எண்ணியிருந்தால் இச்சோதனையில் இறங்கியே இரேன் என்று அவர் பிற்காலத்திற் கூறியதுண்டு. நுனியிற் சுரக்கும் சிறுதுளி நீரில் கலந்து வழியுமென்பதற்கு உறுதி யாது?

1921இல் இது வெளியானபோது பலர் நம்பவில்லை. சிலர் செய்து பார்த்தும் பலிக்கவில்லை. தவளையின் இனமும் பருவமும் மாறினால் பயனும் மாறும். 1926இல் ஸ்டாக்ஹோமில் அறிஞர் பேரவைமுன் பலமுறை செய்துகாட்டி வாயடைத்தார். அத்தூதுப்பொருள் அஸிடைல்கோலின் என்பது பின்னர்த் தெளிந்தது.

என் மதிப்பில், இதனினும் நுட்பமானது நவ்ராட்டில் என்பாருடன் அவர் செய்த ஆராய்ச்சி. அட்ரோபின் என்னும் நஞ்சைச் செலுத்தினால் வேகஸ் நரம்பு செயலற்றதாய்த் தோன்றும். ஆயினும் தூதுப்பொருள் சுரந்துகொண்டே இருந்தது. தூதன் வந்தும் வாயில் திறக்கவில்லை! ஏற்கும் பொருளொன்று அணுவில் இருத்தல் வேண்டுமென்று கேம்பிரிட்ஜ் லாங்லி 1905இலேயே கருதியது இதனால் வலுப்பெற்றது. வந்த தூதை நொதியொன்று விரைவில் அழித்துவிடுகின்றதென்பதையும் இவர்கள் கண்டனர். சுரத்தல், ஏற்றல், அழிதல் ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரு தவளையின் இருதயத்தில் விளங்கின.

1936இல் ஆங்கில நாட்டு ஹென்றி டேலுடன் நோபெல் பரிசு பெற்றார். ஈராண்டிற்குள் நாஜிகள் ஆஸ்திரியாவிற் புகுந்து, அன்றிரவே இவரைச் சிறையிலிட்டனர். உயிர்போகுமென்றே எண்ணிய அவர், அஞ்சலட்டை ஒன்று வேண்டிப் பெற்று, அண்மையிற் செய்த சோதனையின் முடிவை அதில் எழுதி விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பிய பின்னரே அமைதியுற்றார். நோபெல் பணத்தை நாஜிகள் கையிலிருந்த வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகே நாட்டைவிட்டு வெளியேற விட்டனர். 1940இல் அமெரிக்கா புகுங்கால், முதுமையாற் பிழைக்கும் திறனற்றவர் என்றொரு மருத்துவச் சான்று அவரிடம் இருந்தது. அதனைப் பொருட்படுத்தாது உள்ளே விட்ட அதிகாரி நல்லவர். நியூயார்க் சர்வகலாசாலையில் அவர் மேலும் பல்லாண்டு பணிபுரிந்தார்.

மூளையிலும் முதுகுத்தண்டிலும் மின்பொறியே தாவுகின்றதென்று நெடுநாள் வாதிட்ட எக்கிள்ஸ், 1951இல் பூனையின் நரம்பணுக்களுள் நுண்மின்முனை செலுத்திப் பார்த்துத் தம் கொள்கையைத் தாமே கைவிட்டார். லோவி அதனைக் காண உயிருடனிருந்தார். 1961ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். அவ்வாண்டிலேயே, அவரை விரட்டிய ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், மூளையில் டோபமைன் என்னும் தூதுப்பொருள் குன்றியமையால் விறைத்துக் கிடந்த பார்க்கின்சன் நோயாளருக்கு எல்-டோபா மருந்தை ஊசிவழிச் செலுத்தினர். படுக்கையிற் கிடந்தோர் சிலர் எழுந்து நடந்தனர்.