நீதிபதி ஹென்றி பீல்டிங்

நம் சங்கத்து இளைஞருள் உத்தியோகம் நாடுவோர் பலராதலின், வருவாயினும் நேர்மையைப் பெரிதென மதித்த ஒருவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

ஹென்றி பீல்டிங் இங்கிலாந்தில் 1707-ல் பிறந்தார். முதலில் நாடகங்கள் இயற்றினார். 1737-ல் நாடகங்களை அடக்கும் சட்டம் வரவே, சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1748-ல் வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட்டாகிப் போ வீதியில் நீதி வழங்கலாயினார்.

அக்காலத்து லண்டன் மாஜிஸ்திரேட்டுகளுக்குச் சம்பளம் இல்லை. வாரண்டுக்கு இவ்வளவு, ஜாமீனுக்கு இவ்வளவு என வழக்காடுவோரிடம் பெறும் கட்டணமே வருவாய். வழக்குப் பெருகப் பணமும் பெருகிற்று. ஆகவே, ஏழைகளின் சிறு பூசலைத் தணிக்காது மூட்டிவிட்டோரும் உளர். அன்னோரை நீதி வணிகர் என மக்கள் இகழ்ந்தனர்.

பீல்டிங் அவ்வழிச் சென்றிலர். சுமை தூக்குவோர், இரவலர் முதலியோர் சச்சரவுகளைச் சமாதானத்தால் முடித்தார். கடைசிக் காசையும் இழக்கும் நிலையினரிடம் கட்டணம் பெற மறுத்தார். அதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பவுன் தந்த பதவி, அவருக்கு 300 பவுனுக்குச் சற்று மிகுதியே தந்தது; அதிலும் பெரும்பங்கு எழுத்தருக்கே சென்றது. அரசினர் தனியே அளித்த உதவித்தொகை ஓரளவு துணையாயிற்று. நோயால் நலிந்து 1754-ல் லிஸ்பன் நகரில் உயிர் நீத்தார்.

1792-ல் பார்லிமெண்டார் ஏழு போலீஸ் நீதிக்கூடங்கள் நிறுவி, ஒவ்வொன்றிலும் மூவருக்கு ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் விதித்தனர். கட்டணம் அவர் கைக்குச் செல்லாவாறும் தடுத்தனர். சட்டம் பின்னர்ச் செய்ததை இவர் தம் மனத்திண்மையால் முன்னரே செய்தார். பதவி பெறும் நம் மக்கள் இதனை மறவாதிருப்பாராக.