ஹாரி டே

ஹாரி மெல்வில் அர்பத்நொட் டே (ஆகஸ்ட் 3, 1898 - மார்ச் 11, 1977) பிரித்தானிய வான்படை அதிகாரி ஆவார். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்திலேயே ஜெர்மனியரிடம் சிறைப்பட்ட இவர், போர் முடியும் வரை கைதிகளின் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். விங் கமாண்டர் பதவி வகித்ததால் "விங்ஸ்" டே என அழைக்கப்பட்டார்.

இளமை

போர்னியோ தீவின் சரவாக்கில் பிறந்தார். முதலாம் உலகப் போரில் மரைன் படையில் பணியாற்றினார். 1918 நவம்பர் 9 அன்று இவர் இருந்த பிரித்தானியா என்ற போர்க்கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டது. புகை சூழ்ந்த கீழ்த்தளத்தில் சிக்கியிருந்தவர்களை மீட்கத் துணிந்து இறங்கியமைக்காக ஆல்பர்ட் பதக்கம் பெற்றார். பின்னர் வான்படைக்கு மாறினார்.

சிறைப்படல்

1939 அக்டோபர் 13 அன்று, 57ஆவது ஸ்குவாட்ரனின் தலைவராக இருந்த டே, பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தில் ஜெர்மனி மீது வேவு பார்க்கச் சென்றார். எதிரி விமானங்கள் அதனைச் சுட்டு வீழ்த்தின. தீக்காயங்களுடன் டே வான்குடை மூலம் தப்பினார். உடன் சென்ற இருவரும் இறந்தனர்.

முதலில் டூலாக் லுஃப்ட் முகாமில் மூத்த பிரித்தானிய அதிகாரியாக இருந்தார். புதிய கைதிகள் அங்கு விசாரிக்கப்பட்டு வேறு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். டே உள்ளிட்ட சிலர் மட்டும் அங்கேயே தங்க வைக்கப்பட்டனர். இதனால் அவர்கள் எதிரிக்கு இணங்கிப் போகின்றனர் எனப் பிற கைதிகள் ஐயுற்றனர். ஆனால் அவர்கள் இரகசியமாகச் சுரங்கம் தோண்டி வந்தனர். 1941 ஜூனில் டே உட்பட 18 பேர் அதன் வழியே வெளியேறினர். அனைவரும் மீண்டும் பிடிபட்டனர்.

பெருந்தப்புதல்

1944 மார்ச் 24 இரவு, சாகன் நகரிலிருந்த (இன்றைய போலந்தின் ழகான்) ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து "ஹாரி" எனப் பெயரிடப்பட்ட சுரங்கத்தின் வழியே 76 பேர் தப்பினர். அவர்களுள் மூவர் மட்டுமே நடுநிலை நாடுகளை அடைந்தனர். பிடிபட்ட 73 பேரில் 50 பேர் இட்லரின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். டேயுடன் ஸ்டெட்டின் வரை சென்ற போலந்து அதிகாரி பாவெல் தோபோல்ஸ்கியும் அவர்களுள் ஒருவர். டே உயிருடன் விடப்பட்டு, சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்.

தோழர்கள் கொல்லப்பட்டதை அறிந்த பின்னரும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1944 செப்டம்பரில் மேலும் நால்வருடன் அங்கிருந்தும் சுரங்கம் வழியே வெளியேறினார். ஐவரும் பிடிபட்டுத் தனியறைகளில் அடைக்கப்பட்டனர். எனினும் ஐவரும் உயிர் தப்பினர்.

1945 ஏப்ரலில் பல நாட்டு முக்கிய கைதிகளுடன் தெற்குத் திரோலுக்குக் கொண்டு செல்லப்பட்ட டே, அங்கிருந்து நழுவி இத்தாலியில் நேச நாட்டுப் படைகளை அடைந்தார்.

பிற்காலம்

சிறைவாசக் காலப் பணிக்காக டி.எஸ்.ஓ., ஓ.பி.இ. விருதுகளைப் பெற்றார். 1950இல் ஓய்வு பெற்றார். சிட்னி சிமித் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1968இல் வெளிவந்தது. 1971இல் ஆல்பர்ட் பதக்கம் பெற்று உயிருடன் இருந்தோர் ஜார்ஜ் சிலுவை பெற்றவர்களாகக் கருதப்பட்டபோது, டேயும் அப்பெருமையைப் பெற்றார்.